பள்ளம் தாண்டிய புலி, பாகம் ஐந்து

ஒரு காட்டில் குழந்தைசாமி என்றொரு தேவாங்கு, கிளையில் தொங்கியபடியே சினிமாக் கதை எழுதிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் எழுதிய கதை. ஒரு புலி பள்ளத்தின் விளிம்புவரை வருகிறது, எட்டிப் பார்க்கிறது, பயந்துபோய் வீட்டுக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான். எழுதும்போதே குழந்தைசாமிக்குக் கண் கலங்கும். ஏற்கெனவே பெரிய கண். அது கலங்கினால் கீழே போகிற எறும்புகள் குடை பிடிக்கும்.

தயாரிப்பாளர் பெரியநாயகம் யானை, காதை ஆட்டிக்கொண்டே கதையைக் கேட்டது.

“தம்பி, பிரமாதம். ஒரே ஒரு சின்ன மாத்தம். புலி தாண்டிடணும்.”

“ஐயா, தாண்டாததுதானே கதையே!”

“நாலு பாகத்துல தாண்டியிருக்கு. அஞ்சாவதுல தாண்டலைன்னா திரையைக் கிழிச்சிருவானுங்க. அப்புறம், முதல் பாகத்து மேளத்தை அப்படியே போடு. அப்பா முயலுக்குப் பழைய ஞாபகத்துல அழுகை வரும். புள்ள முயலுக்கு ஏன்னே தெரியாம அழுகை வரும்.”

“என் கதை?”

“இது ஓடட்டும். அடுத்தது உன் கதைதான்.”

குழந்தைசாமி தலையாட்டிவிட்டது. அந்தக் காட்டில் படம் எடுக்கிற யானை வேறு இல்லை.

படப்பிடிப்பு நாளும் வந்தது. கதாநாயகன் வீரபாகு புலி, மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றது.

“அண்ணே, வயசாயிடுச்சு. டூப் போட்டுக்கலாமே?” என்றது குழந்தைசாமி.

“என் ரசிகனை ஏமாத்த மாட்டேன்!” என்று உறுமிய புலி, ஓடிவந்து தாவியது. முட்டி ‘டக்’ என்றது. “ஐயோ அம்மா!” என்ற அலறலோடு சேற்றில் போய் விழுந்தது.

ஆறு மாதம் அசையக் கூடாது என்றது வைத்தியர் கரடி. படமோ அடுத்த வாரமே வெளியாக வேண்டும். கதை கேட்பதற்கு முன்பே தேதியை அறிவித்தாயிற்று. வேறு வழியில்லாமல், விழுந்ததையே படத்தில் ஒட்டினார்கள்.

முதல் காட்சி. குழந்தைசாமி தியேட்டர் கூரையில் கண்ணைப் பொத்திக்கொண்டு தொங்கியது. மேளம் முழங்கியது, புலி பாய்ந்தது, விழுந்தது. முயல்கள் புரண்டு புரண்டு சிரித்தன. “நமக்கும் முட்டிவலிதான்டா!” என்று ஒரு காட்டெருமை எழுந்து நின்று விசிலடித்தது. ‘துணிச்சலான புது முயற்சி’ என்று ஆந்தை விமர்சனம் எழுதியது.

குழந்தைசாமிக்குத் தலைகால் புரியவில்லை. கதைக் கட்டை அணைத்துக்கொண்டு யானை வீட்டுக்கு ஓடியது. தேவாங்கின் ஓட்டம் அல்லவா, நாலாம் நாள் போய்ச் சேர்ந்தது.

“ஐயா, புதுசை ஜனங்க ஏத்துக்கிட்டாங்க! இப்போ என் கதையை எடுப்போமா?”

“தாராளமா. உன் கதையில யாரு விழறா?”

“யாரும் விழலையே. புலி சும்மா திரும்பிப் போகுது.”

“விழாத புலியை எவன் பார்ப்பான்? நம்ம புலி காலங்காலமா விழற புலி. பாரம்பரியத்துல கை வைக்காதே தம்பி.”

குழந்தைசாமி கதைக் கட்டைப் பிரித்தது. பிறகு பேனாவை எடுத்து, புலி எட்டிப் பார்க்கிற இடத்தில், ‘கால் வழுக்குகிறது’ என்று எழுதியது.

“பார்த்தியா?” என்றது யானை. “இப்பத்தான் கதைக்கு உயிர் வந்திருக்கு.”

நீதி: புதுமை செய்ய நினைப்பவர் நல்ல கதையைத் தேடி அலைய வேண்டாம், முட்டிவலி உள்ள கதாநாயகனைத் தேடினால் போதும்.