ஆடாத தொட்டில்

திருவள்ளூர்,
11-6-1970, வியாழன், மத்தியானம்.

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் பூவராகவன் அவர்கள் திருவடிகளில் மைத்துனன் எம்பார் விழுந்து சேவித்து எழுதிக்கொண்டது. விழுவதை மட்டும் மனசால் செய்திருக்கிறேன். நிஜமாக விழுந்தால் அப்படியே தூங்கிவிடுவேன். இவ்விடம் நான், அலமேலு, குழந்தை ஆதிகேசவன் மூவரும் க்ஷேமமாக விழித்துக்கொண்டிருக்கிறோம். அவ்விடம் தாங்களும் அக்காவும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று விவரமாக எழுதவும். கேட்டாவது சந்தோஷப்படுகிறோம்.

எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமான வேலையிலிருந்து தாங்கள் லாரியில் அனுப்பிவைத்த, நாலு காலில் நிற்கும் கம்பி வைத்த மரத்தொட்டில் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மிஷின் வந்த பெட்டியின் பலகை என்றாலும் நல்ல உறுதி. ஆனால் அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷில் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறதே, அது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தச்சர் தலைகீழாகச் செய்துவிட்டாரோ என்று அலமேலு இரண்டு நாள் குழந்தையை உள்ளே விடவில்லை. பால் கொண்டுவரும் செல்லியம்மாள் நாலு பக்கமும் சுற்றி வந்து, "இன்னா சாமி, ஊட்ல இடமில்லாத மாரி புள்ளைய கூண்டுல போட்டுக்கினு?" என்று கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். காலித் தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு வயிற்றை வலிக்கும் என்று அலமேலு பதறி ஓடி வந்தாள். பதறியது வீண். அது ஆடவே இல்லை. "ஆடாதது இன்னா தொட்டிலு" என்று செல்லியம்மாள் பாலை அளந்துவிட்டுப் போய்விட்டாள்.

அவசரம் தங்களுக்குத் தெரியாததல்ல. அலமேலுவுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் உத்தியோகத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ட்ரெய்னிங் முடித்து ஆறு வருஷம் காத்திருந்து வந்த ஆர்டர். வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். விடிகாலை பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். காலையிலும் சாயங்காலமும் நான் கோயிலில் இருக்கும்போது குழந்தையைச் செல்லியம்மாள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. "முழிச்சிக்கினு இருந்தா எவ்ளோ நேரம் வேணா வச்சிக்கினு இருப்பேன் சாமி. தூங்க வைக்கிறது மட்டும் நம்மளால ஆவாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆக, மத்தியானத் தூக்கம் என் தலையில் விழுந்தது. இவனோ பிறந்து எட்டு மாசமாக அம்மா மடியைத் தவிர வேறெங்கும் கண்ணை மூடியதில்லை. பாம்பின் மேல் படுத்துத் தூங்குகிறவர் பேரை வைத்தால் சமர்த்தாகத் தூங்குவான் என்றுதான் ஆதிகேசவன் என்று வைத்தோம். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இவன் தொட்டில்ல தூங்கணும். இல்லாட்டா நான் வேலைக்குப் போகப் போறதில்லே, ஆர்டரைத் திருப்பி அனுப்பிடுங்கோ" என்று அலமேலு சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

தங்களோடு வேலை பார்க்கும் வெள்ளைக்கார இன்ஜினீயர் வீட்டுக் குழந்தை, படுக்க வைத்துக் கதவைச் சாத்தினால் தானாகத் தூங்கிவிடுமென்று எழுதியிருந்தீர்கள். சாத்தினேன். ஐந்து நிமிஷத்தில் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் கையில் கடப்பாரை வைத்திருந்தார்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. தினம் ராத்திரி எட்டரைக்குப் பெருமாளைப் பள்ளியறையில் தூங்கப்பண்ணுகிறவன் நான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் எழுந்து அழுதாரா? அதே கிரமத்தில் இவனுக்கும் செய்தால் என்ன என்று, அலமேலுவின் ஒன்பது கஜப் புடவையைத் தொட்டிலுக்குத் திரையாகக் கட்டினேன். பால் அமுது செய்யப்பண்ணினேன். விசிறி வீசினேன். தாலாட்டுப் பாசுரம் சேவித்தேன். கண் சொருகியது, அத்திம்பேர். சத்தியமாகச் சொருகியது. நானும் பரவசமாகத் திரையை இழுத்துவிட்டு, பன்னிரண்டு வருஷப் பழக்கம் பாருங்கள், கைமணியை எடுத்துக் கணகணவென்று ஆட்டிவிட்டேன். அன்றைக்கு அவன் சாயங்காலம் வரை தூங்கவில்லை. மணியைக் கேட்டுச் செண்பகப்பூவோடு இரண்டு பேர் தீர்த்தம் வாங்க வந்தது தனிக்கதை.

இங்கே கெட்டது போதாதென்று கோயிலிலும் போய்க் கெடுத்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி, தூக்கக் கலக்கம். பெருமாளுக்குப் பால் கண்டருளப்பண்ணி, ஊஞ்சலிலிருந்து எடுத்துப் பள்ளியறைக் கட்டிலுக்கு ஏளப்பண்ணும்போது, அவரைத் தோளில் சாய்த்து, ஏப்பம் வருவதற்காக முதுகில் நாலு தட்டு தட்டிவிட்டேன். "ச்சூ, ச்சூ, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று வேறு சொல்லியிருக்கிறேன். எங்கள் பெரியவர் கிருஷ்ணஸ்வாமி பட்டர் விளக்கைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தார். என்னைத் தள்ளிவைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் சேவிக்க நின்ற அம்மாமிகள் எல்லோரும் பெற்ற தாயின் பாவனை இது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நேற்று ராத்திரி வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூட்டம். தட்டுவதைச் சேவிக்க வந்திருக்கிறார்கள். பட்டர் என் காதில், "தட்டுடா, வேற வழியில்லே" என்றார்.

இப்போது மணி இரண்டு. வேப்பமரம் அசையவில்லை. கொட்டிலில் பசு தூங்குகிறது, அதன் மேல் உட்கார்ந்த காக்கா தூங்குகிறது, தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எதிர்த்த வீட்டு நடையில் தூங்குகிறார். தூரத்தில் கூட்ஸ் வண்டி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, எத்தனை பெட்டியோ, அந்தச் சத்தத்தில் ஊரே மெதுவாக ஆடுகிற மாதிரி இருக்கிறது. மன்னிக்கவும். மேலே நீளமாக ஒரு கோடு இழுத்திருப்பது எழுத்தல்ல, கண் அசந்துவிட்டது. சொப்பனத்தில் தங்கள் தொட்டில் குளத்தில் தெப்பமாக மிதந்தது. உள்ளே இவன் ஒருபக்கம், பெருமாள் ஒருபக்கம். "நீ முதல்ல தூங்கு" என்று பெருமாள் சொல்ல, இவன் அவரைத் தட்டிக்கொடுக்கிறான். தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. விழித்துப் பார்த்தால் இவன் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகையால் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை லாரி இந்தப் பக்கம் வந்தால் தொட்டிலை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லவும். அலமேலு வரமாட்டாள் என்று கல்வி அதிகாரிக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இதோடு சேர்த்துத் தபாலில் போடுவேன். ஆறு வருஷமாக அவள் சுவரில் கரித்துண்டால் 'அ' எழுதிப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கு நான் செய்யக்கூடிய ஒரே உபகாரம் ஒரு குழந்தையைத் தூங்க வைப்பது. அது என்னால் முடியவில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். தாங்களிருவரும் நூறு பிராயம் இருந்து, அதில் பாதியைத் தூக்கத்திலேயே கழிக்கப் பெருமாள் அனுக்கிரகம் செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கண் மூடும் நிலையிலுள்ள,
எம்பார்

பி.கு.: தப்புத் தவறு பார்ப்பதற்காக மேற்படி கடிதத்தை முதலிலிருந்து ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். கும்மிடிப்பூண்டி வந்தபோது ஆதிகேசவன் உட்கார்ந்தான். கடப்பாரை வந்தபோது படுத்தான். பட்டர் வருவதற்குள் தூங்கிவிட்டான். தொட்டிலில், தானாக. யாரும் தட்டவில்லை, மணி அடிக்கவில்லை. இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. ஆகவே தொட்டிலுக்கு லாரி அனுப்ப வேண்டாம். கல்வி அதிகாரி கடிதத்தைக் கிழித்தாகிவிட்டது. தங்களுக்கு வந்திருப்பது நகல், தூக்கக் கோடு உட்பட. அசல் நாளை மத்தியானத்துக்குத் தேவைப்படுகிறது. தாங்கள் எழுதும் பதிலும் இதேபோல் நீளமாக, சுவாரஸ்யமில்லாமல் இருக்கட்டும்.

கிணற்றடியிலிருந்து அலமேலு ஈரத்துணியோடு வந்து பார்த்தாள். "நான் இல்லாமயே தூங்கறானே" என்றாள். தூங்கவில்லையே என்று ஒரு வாரம் அழுதவள், இப்போது தூங்கிவிட்டானே என்று அழுதுகொண்டிருக்கிறாள். தயவுசெய்து அக்காவை ஞாயிற்றுக்கிழமையே அனுப்பி வைக்கவும். திங்கட்கிழமை காலையில் இவளை பஸ் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும். நான் போனால் இரண்டு பேருமாக அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவோம்.