தீவுக்கு ஒரு டிரையல்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். குழந்தைகளுக்குப் படகு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து வரவேண்டும்.

அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் ஃபிட்டராக இருந்தேன். வருடாந்திர ஷட்டவுன் முடிந்ததும் எங்கள் பிரிவுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும். அந்த வருடம் அந்தமான் என்று வீட்டில் அறிவித்திருந்தேன். அதுவும் கப்பலில்!

ஆறாவது படிக்கும் மகள் யமுனா அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஏற்கெனவே இரண்டு தடவை ஊட்டி என்று சொல்லித் திருத்தணியோடு திரும்பியவன் நான்.

"இந்த தபாவும் போலன்னா, நான் ஸ்கூலுக்கே போமாட்டேம்பா" என்றாள்.

மனைவி செல்விக்கு வேறு கவலை. "பொன்னேரி பஸ்லயே சின்னவன் வாந்தி எடுக்கறான். கப்பல்ல இன்னா பண்ணுவான்?"

"டிரையல் பார்த்துடலாம்" என்றேன்.

ஆலையில் பழுது பார்த்த மோட்டார் எதையும் ஓட்டிப் பார்க்காமல் லைனில் ஏற்றமாட்டோம். அந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். புது ஷூ வாங்கினால் குழந்தைகள் கூடத்தில் நடந்து காட்டவேண்டும். புதுக் குக்கரில் முதல் நாள் வெறும் தண்ணீர்தான் கொதிக்கும்.

"தேறாதத லைன்ல ஏத்தக்கூடாது செல்வி. தேறாத ஆளு பொன்னேரில உங்கம்மா வூட்ல இருக்கட்டும்."

இதைச் சொன்னது நான்தான்.

பழவேற்காட்டு ஏரியில் ஒரு தீவுக்குப் படகு பேசினேன். ஏறும் முன் மூவரையும் கரையில் நிற்கவைத்து, துணிக்கடைப் பிளாஸ்டிக் பையை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

"தூரமா பாருங்க. கீழ குனியாதீங்க. கொமட்டினா பழத்த மோந்து பாருங்க."

படகுக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சார் இன்னா, நேவில இருந்தீங்களா?"

"ஃபிட்டர்" என்றேன்.

என்ஜின் கிளம்பியது. டீசல் புகை முகத்தில் அடித்தது. முந்தைய சவாரியின் கருவாட்டு வாடை பலகையிலேயே இருந்தது. நான் சின்னவன் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீரில் கை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகம் மெதுவாக மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

"செல்வி, உன் பையைக் குடு."

"யாருக்கு?"

அதற்குள் நான் பைக்குள் குனிந்துவிட்டேன்.

அடுத்து யமுனாவின் பை. சின்னவன் கேட்காமலே நீட்டினான். "இந்தாப்பா, என்னுதும்."

படகுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "இது ஏரிதான் சார். கடலு அந்தாண்ட இருக்குது. இதுல அலையே இல்லியே!"

நடு ஏரியில் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. சுற்றிலும் தண்ணீர். எனக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. எழுந்து நின்று, "யாரும் பயப்படாதீங்க! புள்ளங்கள புடி செல்வி!" என்று கத்தினேன்.

யாரும் பயப்படவில்லை. படகுக்காரர் பொத்தென்று குதித்தார். தண்ணீர் அவர் முழங்கால் வரைதான் இருந்தது.

"சேத்துல உக்காந்துக்குச்சு. எறங்கி ஒரு கை குடுங்க."

செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். குழந்தைகளும் இறங்கினார்கள். நானும் எழுந்தேன்.

"நீங்க சும்மா உக்காருங்க. பேஜாரு பண்ணாதீங்க" என்றாள்.

மனைவியும் குழந்தைகளும் தள்ள, நான் பையோடு படகில் உட்கார்ந்து போனேன். எதிரே ஒரு படகில் வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தீவில் நாரைகள் இருந்தன என்று பிறகு சொன்னார்கள். நான் மணலில் படுத்திருந்தேன்.

கிளம்பும்போது படகுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். "திரும்பிப்போக ரோடு எதுனா இருக்கா?"

"தீவு சார் இது."

அன்று பஸ்ஸில்கூடச் சின்னவன் வாந்தி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் யமுனா ரிசல்ட் சொன்னாள்.

"அம்மா பாஸ். தம்பி பாஸ். நான் பாஸ்." என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "அப்போ டூர் கேன்சலாப்பா?"

'சேச்சே, அப்பாவுக்கு இன்னிக்கு வயிறு சரியில்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி முந்திக்கொண்டாள்.

"ஏன் கேன்சல் ஆவுது? தேறாத ஆளு எங்கம்மா வூட்ல இருக்கட்டும்."

யமுனா குதித்த குதியில் எனக்கு மறுபடி லேசாகத் தலை சுற்றியது.

கப்பல் கிளம்பிய அன்று பொன்னேரியில் மாமியார் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். என் இடத்தில் மைத்துனர் போயிருந்தார்.

அவருக்கு யாரும் டிரையல் பார்க்கவில்லை.