பதினேழாவது இடமும் பின்னறைச் சுவரும்

பாலத்தடி அணி முதல் டிவிஷனில் தப்பிப் பிழைத்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தெருவே கூத்தாடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷமாக அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் மட்டும் தன் வீட்டுச் சமையலறையில் கெட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். டீ போடுவதற்கு அல்ல. ஒட்டிய கவரை ஆவி காட்டிப் பிரிப்பதற்கு.

நல்ல மனுஷர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவர். ஆனால் கால்பந்து என்று வந்துவிட்டால் அவருக்கே கண் தெரியாது.

எல்லாம் பத்து மாதத்துக்கு முன்னால் பக்கத்து சலூனில் ஆரம்பித்தது. சலூன்காரர் அவருக்குக் கடையிலும் பக்கத்துச் சுவர், வீட்டிலும் பக்கத்துச் சுவர். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வீட்டு ஆணியில் தொங்கும். இரண்டு பேருக்கும் ஒரே அணி. ஒரே அணி என்றால் சண்டை இருக்காது என்று நினைப்பவர்கள் கால்பந்து பார்க்காதவர்கள்.

பாலத்தடி நடுத்தர அணி. மைதானம் சின்னது. பெரிய அணிகள் கார் நிறுத்தும் இடமே அதைவிடப் பெரிசு. அதை மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்து வந்தவர் பழைய மேனேஜர். வெயிலிலும் நீளக் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் கோட்டுக்காரர். அவர் போன பிறகு வந்து, ஆட்டம் முழுக்க என்னவோ எழுதிக்கொண்டே இருந்து, அணியை முதல் டிவிஷனுக்கே ஏற்றிவிட்டவர் நோட்டுக்காரர்.

"கோட்டு இல்லாம நோட்டு ஏது?" என்பார் கண்ணாடிக்காரர். "மரம் வச்சது அவரு. இவரு பழம் பறிச்சாரு. ஏணி போட்டா நான்கூடப் பறிப்பேன்."

"அண்ணே, உங்களுக்கு ஏணின்னாலே தலை சுத்தும்."

"பேச்சை மாத்தாதே!"

"சரி, நேரா கேக்கறேன். மேனேஜர் பக்கத்துல நின்னு கத்தறப்ப எவனும் ஓடுவான். அவரு ஊர்லயே இல்லாதப்பவும் ஓடறானா? அதுதானே பேர் சொல்றது? கோட்டுக்காரர் போன மறுமாசமே நம்மாளுங்க நடக்க ஆரம்பிச்சுட்டாங்களே!"

"கார்னர் கிக் எடுக்கறப்ப இன்னிக்கும் அவரு சொல்லிக்கொடுத்த மாதிரிதான்டா நிக்கறாங்க!"

"நிக்கறாங்கண்ணே. அதான் சொல்றேன். நிக்கறாங்க."

இப்படித்தான் ஒரு நாள், நாற்காலியில் பாதி முகம் சவரமான நிலையில் ஒரு போஸ்ட்மேன் "ஐயா, மீதியையும் எடுத்துடுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருக்க, பந்தயம் கட்டப்பட்டது. இருபது அணிகள். கடைசி மூன்று கீழே இறங்கும். பாலத்தடி எத்தனையாவது வரும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி கவரில் ஒட்டிவிட வேண்டும். வெளியே சொன்னால் அணிக்கு ராசியில்லை, அதனால் மூச்சு விடக்கூடாது. தோற்றவர், ஜெயித்தவர் வீட்டுப் பின்னறைக்குத் தன் கையாலேயே பெயின்ட் அடிக்க வேண்டும். இரண்டு பூச்சு.

சலூன்காரர் சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். அதுதான் அவருக்கு எப்போதும் காகிதம். கண்ணாடிக்காரர் கடைப் பெயர் அச்சடித்த சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து, யாருக்கும் காட்டாமல் 'எட்டு' என்று எழுதினார்.

"கவரை யார்கிட்ட குடுக்கறது?"

"என் வீட்டுக்காரிகிட்டதான். பந்து உருண்டைங்கறதைத் தவிர அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சுத்தமான நடுநிலை."

கண்ணாடிக்காரர் மனைவி இரண்டு கவரையும் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். "தோத்தா என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டார். சொன்னார்கள். "ஓ... பின்னறையா?" என்றார். சலூன்காரர் மனைவி அவரைப் பார்த்தார். அவர் சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். ஆண்கள் இருவரும் கோட்டைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

முதல் ஆறு வாரம் பாலத்தடி ஐந்தாவது இடத்தில் இருந்தது. கண்ணாடிக்காரர் நடந்து போகவில்லை, மிதந்து போனார். அப்புறம் பதினோரு தோல்வி. சலூன்காரர் தினமும் கத்திரியை ஆட்டிக்கொண்டு "இறங்கிடும்ணே, மூட்டை கட்டிடுச்சு" என்றார். கடைசி ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, ஒரு கார்னர் கிக். கோல். பதினேழாவது இடம். பிழைத்தது அணி.

கண்ணாடிக்காரர் குதித்தார், யார் யாரையோ கட்டிப்பிடித்தார். அப்புறம்தான் 'எட்டு' ஞாபகம் வந்தது. கால் தரைக்கு வந்தது.

பெயின்ட் அடிப்பதுகூடப் பெரிய விஷயமில்லை. தன் வீட்டுப் பின்னறை மூன்று வருஷமாகப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம் முதுகு வலி, தோள் வலி, ஏணி மயக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தப்பித்து வந்தவர். சொந்தச் சுவருக்கு வராத கை பக்கத்து வீட்டுச் சுவருக்கு எழும்பினால் என்ன ஆகும்? மூன்று வருஷத்துப் பொய்யும் அந்த ஒரு பிரஷ்ஷில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்கு வாய் என்று ஒன்று இருந்து என்ன பயன்?

அதிர்ஷ்டம், வீட்டில் யாரும் இல்லை. மத்தியானமே மனைவி புறப்படும்போது வாசலில் நின்று, "ஏங்க, நானும் சலூன் அக்காவும் கடைத்தெருவுக்குப் போறோம். வர ஏழு மணி ஆகும். கடை போன் நம்பர் மாறி ஒரு மாசமாச்சு, போர்டுல இன்னும் பழைய நம்பரே இருக்கு, அதையாவது மாத்துங்க. டின் ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு, நாளைக்கு நாலு பேர் முன்னாடி திறக்கலாம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கெட்டில் வழக்கமான இடத்தில் இல்லை. ஜன்னலோரம் இருந்தது. தொட்டால் சூடு. மனைவி டீ குடித்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் போட்ட டீ ஐந்தரை மணிவரை சூடாக இருக்குமா என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

ஆவி வந்தது. கவர் வாய் பிளந்தது. கீழே கடைக்கு ஓடினார். மேஜையிலிருந்த கட்டிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து, அதே பேனா, அதே கையெழுத்தில் 'பதினேழு' என்று எழுதினார். பழையபடி நாலாக மடித்து ஒட்டினார். 'எட்டு' துண்டு துண்டாகச் சாக்கடைக்குப் போயிற்று. பக்கத்தில் சலூன்காரர் கவர். விரல் துறுதுறுத்தது. "சே, அடுத்தவன் கவரைப் பிரிக்கிறது நேர்மையில்லை" என்று சொல்லிக்கொண்டார். அதன் ஓரம் லேசாக ஈரமாக இருந்தது. நம்ம கெட்டில் ஆவிதான், பாவம்.

மறுநாள் காலை சலூனில் கூட்டம். இன்றைக்கும் பாதிச் சவரத்தில் நாற்காலியில் மாட்டிக்கொண்ட போஸ்ட்மேன் சாட்சி. கண்ணாடிக்காரர் மனைவி டின்னைத் திறந்தார்.

"இது எங்க வீட்டுக்காரர் சீட்டு. பதினேழு."

"என்னது!" சலூன்காரர் துள்ளி எழுந்தார். "வருஷம் பூரா 'முதல் பத்துல வரும்'னு கத்தின ஆளு பதினேழுன்னு எழுதுவாரா?"

"வாய் பெருமைக்குச் சொல்லும் தம்பி. அறிவு உள்ளதை எழுதும்."

"இது சலூன் அண்ணன் சீட்டு. பதினேழு."

கண்ணாடிக்காரருக்குப் பொறி தட்டியது. "யோவ்! தினமும் 'இறங்கிடும், மூட்டை கட்டிடுச்சு'ன்னு சொன்னது யாரு?"

"அது... மனசுல பாசம் இருக்கும்ல அண்ணே."

"பாசமா? கொண்டா இங்க!" கண்ணாடிக்காரர் சீட்டைப் பிடுங்கித் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அடுத்த நொடி கூரை அதிர்ந்தது. "பாருங்கய்யா! எல்லாரும் பாருங்க! பத்து மாசத்துக்கு முன்னாடி எழுதின சீட்டாம். நாட்காட்டித் தாள்ல நேத்துத் தேதி! நேத்து! சனிக்கிழமை! கெட்டில் சூடா இருந்தப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்!"



"எந்தக் கெட்டில்ங்க?" என்றார் மனைவி.

"நம்ம கெட்டில்தான். வேற எது?"

"நீங்க ஏன் அதைத் தொட்டீங்க?"

"டீ... டீ போட."

"உங்களுக்கு அடுப்பு எந்தப் பக்கம்னே தெரியாதே." மனைவி அவருடைய சீட்டை எடுத்து, நிதானமாகப் போஸ்ட்மேனிடம் நீட்டினார். "அண்ணா, இதுல அச்சடிச்சிருக்கிற போன் நம்பரைப் படிங்க."

போஸ்ட்மேன் படித்தார்.

"அது புது நம்பர். இந்தக் கட்டை அச்சடிக்கக் குடுத்ததே நான்தான். வந்து ஒரு மாசம்தான் ஆச்சு. பத்து மாசத்துக்கு முன்னாடியே இதுல எப்படிங்க எழுதினீங்க?"

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்தவர் சுவரைப் பார்த்தார். சலூன்காரர் அதே சுவரைப் பார்த்தார். பத்து மாதத்தில் முதல் தடவையாக இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"டின் அடியில விரிச்ச காகிதத்துக்குக் கீழ இன்னொரு கவர் இருக்கே," என்றார் போஸ்ட்மேன்.

"அது எங்களோடது," என்றார் சலூன்காரர் மனைவி. "அன்னிக்கே எழுதிப் போட்டோம். ஓரம் காஞ்சு மஞ்சளாயிருக்கு பாருங்க. நீங்களே பிரிங்க."

போஸ்ட்மேன் பிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "பாலத்தடி எத்தனையாவது வந்தாலும் சரி. ரெண்டு பேரும் கவரைப் பிரிப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுப்பாங்க. ரெண்டு பின்னறைக்கும் பெயின்ட் அடிப்பாங்க. கண்ணாடிக்காரர் வீட்டுக்கு இளநீலம், சலூன் வீட்டுக்குக் கிளிப்பச்சை." கீழே இரண்டு கையெழுத்து, பத்து மாதத்துக்கு முந்தைய தேதி.

"பெயின்ட் இனிமேதானே வாங்கணும்?" என்று கண்ணாடிக்காரர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"நேத்தே வாங்கியாச்சுங்க. கடைத்தெருவுக்குப் போனோமே."

"ஆனா எனக்கு ஏணின்னா தலை..."

"நேத்து கோல் விழுந்தப்ப விளக்குக் கம்பத்துல பாதி உயரம் ஏறினீங்களாம். போஸ்ட்மேன் அண்ணன் சொன்னாரு."

போஸ்ட்மேன் தன் முகத்தில் மீதியிருந்த நுரையைத் தானே துடைத்துக்கொண்டு நழுவினார்.

திங்கட்கிழமை காலை இரண்டு மனைவிமாரும் ஒரு வாரத்துக்குக் கண்ணாடிக்காரர் மனைவியின் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளாதாம். பஸ் கிளம்பும்போது கண்ணாடிக்காரர் எச்சரிக்கைகளுக்குக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. "சாப்பிட்டுக்கோங்க" என்றார் மனைவி, அவ்வளவுதான். மூன்று நாளாகப் போனும் இல்லை. அது அவரை என்னவோ செய்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் இளநீல அறையில் கண்ணாடிக்காரர் ஏணியின் உச்சியில் நின்றார். அலமாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு திட்டு விட்டுப்போயிருந்தது. அலமாரியை இருவருமாக நகர்த்தி அதற்கும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சலூன்காரர் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தார். மூக்கில் நீலம்.

"அண்ணே, நிஜமாச் சொல்லுங்க. கோட்டுக்காரரா, நோட்டுக்காரரா, யாருண்ணே பெரிய மேனேஜர்?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். ஆளில்லாத வீட்டைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் தோய்த்தார்.

"பேசாம ஏணியைப் பிடி தம்பி. அவங்க வர்றதுக்குள்ள ரெண்டாவது பூச்சு காயணும்."