கூற்று: கதவைத் திறங்க

மனித அறிவு ஏறக்கூடிய உயரம் எங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மொட்டை மாடிதான்.

எங்கள் பதவி உயர்வுத் தேர்வில் ஒரு பகுதி உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, அதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம் எது என்று கேட்பார்கள். 'குடையை எடுத்துக்கொண்டு போ' என்றால், மழை வரலாம் என்பது அனுமானம். இதில் தேறிய மேதைகள் ஏழு பேர் நாங்கள். மேலாளர் முதலிடம். அவருக்கு வணக்கம் சொன்னால்கூட, "நான் வணக்கத்துக்குரியவன்னு எந்த ஆதாரத்துல சொல்றீங்க?" என்று கேட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட தெளிவு.

சென்ற செவ்வாய்க்கிழமை, பழைய கோப்புகள் வைக்கும் அறையின் இரும்புக் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே கோப்பறை அம்மா. ஜன்னல் கிடையாது. அவருக்கோ ஆஸ்துமா, இன்ஹேலர் வெளியே மேஜைமேல் கிடந்தது.

"கதவைத் திறங்க, மூச்சு முட்டுது," என்று தட்டினார்.

மேலாளர் உடனே கூட்டத்தைக் கூட்டினார். வேகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கதவுக்கு எதிரிலேயே நாற்காலிகள் போட்டோம். குறிப்பெடுக்கும் பாக்கியம் எனக்கு.

"கூற்று தெளிவா இருக்கு," என்றார் மேலாளர். "அனுமானம் ஒண்ணு: கதவு திறக்கக்கூடியது. ரெண்டு: திறந்தா மூச்சு சீராகும். எது ஒளிஞ்சிருக்கு?"

"ரெண்டும் சார்," என்றார் கணக்காளர்.

"ரெண்டாவது இல்ல சார். வெளியில இருக்கறது நல்ல காத்துன்னு அந்தம்மா எங்கயும் சொல்லல," என்றார் தட்டச்சர்.

நாங்கள் வியந்து போனோம். உள்ளே இருமல் பலத்தது.

"கொஞ்சம் அமைதியா இருங்கம்மா, உங்க விஷயமாத்தான் பேசிட்டிருக்கோம்," என்று மேலாளர் கனிவோடு சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் துப்புரவு அக்கா வாளியோடு வந்தார். தேர்வு எழுதாதவர், பாவம்.

"சாவி ஆணியிலதான தொங்குது?"

"அது இந்தப் பூட்டோட சாவிங்கறது உங்க அனுமானம்," என்றார் மேலாளர்.

"போட்டுப் பாத்தா தெரிஞ்சுடப் போகுது," என்று அக்கா திறந்தே விட்டார். முறையற்ற செயல். விளக்கம் கேட்டு அன்றே அவருக்குக் கடிதம் கொடுத்தோம்.

கோப்பறை அம்மா வேர்வையில் நனைந்து, சுவரைப் பிடித்தபடி வந்தார். இன்ஹேலரையும் அக்காதான் எடுத்துக் கொடுத்தார். நாலு இழுப்பு இழுத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வெளிய மனுஷங்க இருக்காங்கன்னு நெனச்சுத் தட்டிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கடமை கடமைதானே. 'அனுமானம் தவறு' என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஏழு பேரும், ஒருவர்கூட மறுக்காமல், கையெழுத்துப் போட்டோம்.