இடது பக்கம் இழுத்த விமானம்

பயந்த சுபாவம் உள்ளவன் பழைய பொருள் வாங்கக் கூடாது. புதுசுக்குக் கேரண்டி மட்டும்தான் உண்டு; பழசுக்கு ஆள் உண்டு. இது எனக்கு ஒரு யோக் வாங்கிய பிறகு தெரிந்தது.

இராஜபாளையத்தில் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன். விமானத்தில் ஏறியதே இல்லை. (ராட்டினத்தில் ஏறினாலே கீழே நிற்கிறவர்களிடம் விடைபெற்றுக்கொண்டுதான் ஏறுவேன்.) ஆனால் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டில் நான் பெரிய கேப்டன். விசைப்பலகையில் ஓட்டி அலுத்தபோது, ஜாய்ஸ்டிக்கா யோக்கா என்ற கேள்வி வந்தது. ஜாய்ஸ்டிக் என்பது ஒற்றைக் கையால் ஆட்டும் குச்சி, போர் விமானத்துக்குப் பொருத்தம். யோக் என்பது ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த கைப்பிடி. மேசை விளிம்பில் கவ்வி வைத்து முறுக்க வேண்டும். பயணிகளை ஏற்றிப் போகிறவனுக்கு அதுதான் மரியாதை என்று முடிவு செய்தேன். ஒரு பயணியும் இல்லை என்பது வேறு விஷயம்.

"குச்சியே போதும்ங்க, உள்ள தூக்கி வைக்க லேசு," என்றாள் என் மனைவி செல்வி. கேட்டிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அக்கா பழைய யோக் விற்பதாகத் தெரிந்து சாயங்காலம் போனேன். அவர் கணவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதத்துக்கு முன் இறந்துவிட்டார். அக்கா அவருடைய அறைக்கதவைத் திறந்தார். யோக் மேசையிலேயே மாட்டியிருந்தது. நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி, பாதி திரும்பியிருந்தது.

"இதப் பிடிச்சபடியேதான் போயிட்டாக," என்றார் அக்கா. "நான் காப்பி கொண்டாரேன், திரையில மலை மட்டும் பெருசா வருது. அவிய தல சாஞ்சிருக்கு. நான்தான் சுவிட்ச அமத்தினேன்."

நான் நாற்காலியை விட்டு ஓரடி தள்ளி நின்றேன்.

"தூத்துக்குடில ஏறி மதுரையில எறங்கணும்னு கெளம்புனாக. எறங்காமலே போயிட்டாக தம்பி. நீங்க ஒரு தடவ அத மதுரையில எறக்கிக் காட்டுங்க. வார ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன். செத்த இடப்பக்கம் இழுக்கும்னு சொல்லுவாக, பாத்துக்கோங்க."

வேண்டாம் என்று சொல்ல வந்தவன் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். யோக் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. கூட்டமான பஸ்ஸில் அது மட்டும் ஏன் காலி என்று ஊர் வரும்வரை யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எந்த வண்டிக்கும் செய்வதைச் செய்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டினேன். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்க வேண்டும். இதற்குச் சக்கரம் இல்லை. அதனால் பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, கைப்பிடியின் தண்டு உள்ளே போகிற இடத்திலேயே நன்றாகப் பிழிந்துவிட்டேன். இருக்கிற ஆவியெல்லாம் ஓடிவிடும் என்று நம்பினேன்.

ஓடவில்லை. தூத்துக்குடியில் ஏறி வடக்கே போகும்போது கையை எடுத்தால் யோக் தானாக இடது பக்கம் திரும்பும். இடது பக்கம் மேற்கு. மேற்கே எங்கள் மலை. எவ்வளவு திருப்பினாலும் விமானத்தின் மூக்கு மெல்ல மெல்ல மலையைப் பார்த்துத்தான் நிற்கும். செட்டிங்ஸில் சரிசெய்யலாம் என்று வீடியோக்கள் சொல்லின. இறந்தவரைத் திருத்த எந்த வீடியோவும் இல்லை. அந்த வாரத்தில் ஒருமுறைகூட மதுரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை மேகம் மலையை மூடி, வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா சரியாக வந்தார். செல்வி கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார். அக்காவுக்கு இது விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் யோக் திரும்பியது. வலது பக்கம் அழுத்தினேன். வியர்வையில் கை வழுக்கியது. விமானம் இடது பக்கம் போனது. திரையில் மலை வந்தது.

"இப்பிடித்தான் இருந்துச்சு," என்றார் அக்கா மெதுவாக. "இதே மலைதான்."

அதோடு என் வீரம் முடிந்தது. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, "அண்ணாச்சி, விட்ருங்க, நான் எறக்கிருதேன், எனக்குப் பிள்ள குட்டி இருக்கு," என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினேன். (பிள்ளை ஒன்றுதான். அவனும் கோயமுத்தூரில் படிக்கிறான்.) மலை நிற்கவில்லை. யோக்கைப் பிடித்து மொத்த பலத்தோடும் இழுத்தேன். கவ்வி கழன்றது. நாற்காலியோடு மல்லாந்து விழுந்தேன். நெஞ்சின் மேல் யோக், அதன் மேல் வயரோடு வந்த விசைப்பலகை. அண்ணாச்சி என் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

செல்வி யோக்கைத் தூக்கிக் குலுக்கினாள். ஏதோ ஒன்று டைல்ஸில் விழுந்து உருண்டது. எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது எலுமிச்சங்கொட்டைல்லா?"

நான் பிழிந்த பிழியில் கொட்டை உள்ளே போய், யோக்கை நடுவுக்குத் திருப்புகிற சுருள்கம்பியின் அடியில் மாட்டியிருக்கிறது. குங்குமம் அப்பிக் காய்ந்திருந்தது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழ வைத்துவிட்டேனே என்று தரையில் கிடந்தபடியே நொந்தேன். முந்தானையை எடுத்தபோது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

துடைத்து, மறுபடி மாட்டினேன். இந்தத் தடவை விமானம் நேராகப் போனது. மதுரை ஓடுபாதையில் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளி இறங்கி, ஓரத்துப் புல்லில் நின்றது. கேவலமான இறக்கம்தான். அக்கா எழுந்து வந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எறங்கியாச்சுல்லா. அமத்தட்டுமா?"

தலையாட்டினேன். அவரே சுவிட்சை அணைத்தார். பிறகு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

அன்றிலிருந்து நாங்கள் எங்கே கிளம்பினாலும், "கொட்டைய எடுத்தாச்சா?" என்று செல்வி கேட்பாள். என் மகன் கோயமுத்தூரிலிருந்து போனில் கேட்பான். சொந்தக்காரர் கல்யாணங்களில் நான் விழுந்த விதத்தை நடித்துக் காட்ட ஆள் உண்டு. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் செல்வியிடம் தனியாகச் சொன்னேன். இடப்பக்கம் இழுக்கும் என்று அக்கா சொன்னது, நான் அதை வாங்கிய அன்று. எலுமிச்சை பிழிந்தது அதற்குப் பிறகு.

செல்வி யோக்கின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இப்போதும் கொட்டையைப் பற்றித்தான் கேட்கிறாள். எடுத்தாச்சு என்கிறேன். ஆனால் எங்கள் வண்டி தெருமுனை திரும்பும்போது, "அண்ணாச்சி, போயிட்டு வாரோம்," என்று சத்தமில்லாமல் உதட்டசைவில் சொல்லிக்கொள்கிறது நான் மட்டும் இல்லை.