மூக்கால் கிருமி கண்டுபிடிப்பவர்

பரிசோதனைக் கூடங்களில் கிருமிகளைத் தவிர இன்னொரு ஜீவராசியும் செழித்து வளர்கிறது. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். வாசலிலேயே குரல் கேட்கும். ‘எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது!’

அந்த இனத்தின் தலைமகனைக் காண ஒரு கால்நடை நோய் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். சீனியர் என்று பெயர். முகக்கவசத்தைத் தாடைக்குக் காவலாகத் தொங்கவிட்டு, மாட்டிய கையுறையோடே கதவைத் திறந்து, போனை எடுத்து, காதைச் சொறிந்து, அதே கையால் அடுத்தவர் பேனாவை இரவல் வாங்கி, கிருமிக் காற்று வெளியே வராமல் காக்கும் கண்ணாடி கேபினெட்டின் தலையில் தன் சாப்பாட்டு டப்பாவை ஏற்றி வைப்பார். கேபினெட் அதற்காவது உதவுகிறதே! ஆனால் அவருடைய அசல் வித்தை வேறு. கிருமி வளர்த்த தட்டைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழ முகர்ந்து பெயரைச் சொல்வார். முலாம்பழம் வாங்குகிறவர்கூட இவ்வளவு நெருங்கமாட்டார்.

அன்று தட்டில் வளர்ந்திருந்தது, குறைமாதத்தில் கரு கலைந்து கன்று வீசிய ஒரு பசுவிடமிருந்து எடுத்த மாதிரி. அப்படிக் கருவைக் கலைக்கும் கிருமி ஒன்று உண்டு; அது மூச்சுவழியே மனிதரையும் பிடிக்கும். பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு ஐந்தாம் மாதம்.

“சார், கேபினெட்டுக்குள்ள வச்சுத் திறங்க சார். நான் இருக்கேன்ல.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து மோந்து பாக்கறேன்மா. எனக்கு என்ன ஆயிடுச்சு?”

அவளுக்கு ஆகிவிட்டால்? அந்தக் கேள்வி அவர் மண்டையில் ஏறவே இல்லை. திறந்தார், முகர்ந்தார். “சாதாரணக் கிருமிதான், பயப்படாதே” என்று தீர்ப்பும் சொன்னார்.

சில வாரங்களில் மாலையானால் அவருக்குக் காய்ச்சல், சட்டை நனைய வேர்வை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, அதே கிருமி என்றார்கள். கூடத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவள் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. இவரோ படுக்கையிலிருந்தே போன் போட்டு, “காத்துல எங்கேர்ந்தோ வந்திருக்கும்” என்றார். இந்த மனிதரை என்ன செய்தால் தகும்?

திரும்பத் திரும்பப் பார்த்தும் அவளுக்கு நோய் இல்லை. சீனியர் வேலைக்குத் திரும்பினார்.

“பாத்தியா? ஒண்ணும் ஆகாதுன்னு அப்பவே சொன்னேனே!”

அவள் பிழைத்ததும் அவருடைய சாமர்த்தியமாகிவிட்டது. அடுத்த தட்டின் மூடி திறந்தது. அவள் மேஜையை விட்டு எழுந்து போனாள்.

சரி, நீங்கள்? ‘நல்லவேளை, ஒண்ணும் ஆகலை’ என்று பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்கள் அல்லவா? அவரும் முதன்முதலில் இப்படித்தான் பெருமூச்சு விட்டார்.