டாஷ்போர்டுக்குக் காலர் வைத்தவர்

உலகத்திலுள்ள எல்லாப் பொருளுக்கும் காலர் உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில்தான் இருந்தார். சட்டைக்கு இருக்கிறது, சரி. தலையணைக்கு? உண்டு. தோசைக்கு? ஓரம் மொறுமொறுவென்று எழும்பி நிற்கிறதே, அதுதான். கொச்சிக் கடலுக்கேகூட, அலை மடங்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு காலர் இருப்பதாகச் சொல்வார். அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் காலர் அண்ணன்.

தொழில் இஸ்திரி. வில்லிங்டன் தீவின் துறைமுக அதிகாரிகள் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டைகள் அவர் மேசையில் படுத்து, விறைத்து, எழுந்து போனவை. வாயில் தண்ணீரை நிறைத்து ‘ப்ஸ்ஸ்ஸ்’ என்று துணிமேல் தூவுவார். வெயில் பட்டு அதில் ஒரு குட்டி வானவில் வந்து போகும்.

“ஒரு ஸ்ப்ரே பாட்டில் வாங்கிக்கக் கூடாதா அண்ணே?”

“பாட்டிலுக்கு உதடு இருக்காடா?”

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, வைட்டிலாப் பக்கம் போனவர் கார் அலங்காரக் கடையொன்றில் கார்பன் ஃபைபர் ஸ்டிக்கரைப் பார்த்தார். கறுப்புக்குள் கறுப்பாகப் பின்னிய நெசவு. நடு இரவை யாரோ தறியில் போட்டு நெய்த மாதிரி. விரலால் தடவினார்.

“இது எந்த மில்லுத் துணி?”

“துணியல்லா சேட்டா, ஸ்டிக்கராணு. காரின்டெ உள்ளில் ஒட்டிக்கான்.”

“பொய் சொல்லாத. நெசவு தெரியுது.”

பருத்தியோடு அவருக்கிருந்த பரம்பரை உறவு அந்தக் கடை வாசலிலேயே ஆட்டம் கண்டது. வீட்டுக்கு வந்து முதலில் டிவி ரிமோட்டை ஒட்டினார். பட்டன்களும் உள்ளே போய்விட்டன. அடுத்து ஃபேன் ரெகுலேட்டர், டிரான்சிஸ்டர், அஞ்சறைப் பெட்டியின் மூடி. ஸ்டிக்கரைச் சூடுகாட்டி இளக்கவென்று ஒரு ஹேர் டிரையர் வாங்கினார். தலையில் ஒற்றை முடி இல்லாத மனிதர் ஹேர் டிரையரோடு நடந்து வந்ததைப் பார்த்து, சாயாக்கடையே எழுந்து நின்று கைதட்டியது.

அவர் மனைவி செல்வி அண்ணி வாசலில் நின்று தெருவுக்கே அறிவித்தார்: “ஒரு எடத்துல உக்காரவே பயமா இருக்கு. அசையாம இருந்தா என்னையும் ஒட்டிருவாரு!”

அப்போதுதான் என் அத்தானுக்குச் சோதனை வந்தது. அக்காவின் கணவர் சண்முகம். சொந்தமாக ஒரு பழைய வெள்ளை டாக்ஸி. தீவில் ஒரு ஹோட்டல் வாசலில் ஸ்டாண்ட். ஹோட்டலுக்குப் புதிதாக வந்த மானேஜர், ‘வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு காரையும் உள்ளே பார்ப்பேன், தேறாதது வாசலில் நிற்க முடியாது’ என்று சொல்லிவிட்டார். அத்தான் காரில் எஞ்சின் பாடும். ஆனால் டாஷ்போர்டின் குறுக்கே ஓடும் நீளப்பட்டை வெயிலில் வெடித்து, கோடைக்குளத்தின் தரையாகக் கிடந்தது. அதைச் சரிசெய்ய எர்ணாகுளத்துக் கடைகள் ஒரு வாரம் கேட்டன. ஸ்டாண்ட் போனால் காரை விற்க வேண்டும். விற்றால் பள்ளுருத்தியில் யாருடைய வண்டியையோ ஓட்ட வேண்டும். அக்கா சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தமே அந்த வாரம் மாறிவிட்டது.

“காலருகிட்டயா போற?” என்று தெரு சிரித்தது. வேறு எங்கே போவார்?

காலர் அண்ணன் காருக்குள் உட்கார்ந்து, நாடி பார்ப்பதுபோலத் தடவினார். “கதவுப் பட்டையெல்லாம் கஃப். கியரைச் சுத்தி இருக்கறது பட்டன் பட்டி. டாஷ்போர்டு…” உள்ளங்கையால் அதை நீவினார். “காலர்டா சண்முகம். காலர்!”

பட்டைகளைக் கழற்றி இஸ்திரி மேசையில் வரிசையாகக் கிடத்தினார். கதவுப் பட்டைகள் அற்புதமாக வந்தன. கடைசியாக டாஷ்போர்டுப் பட்டை. எத்தனையோ ஆயிரம் சட்டைகளின் காலருக்கு முன்னால் செய்ததை இதற்கும் செய்தார். வாய் தானாக நிறைந்தது. ப்ஸ்ஸ்ஸ். அதன்மேல் ஸ்டிக்கரை இழுத்து ஒட்டினார். யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட. பட்டை காரில் ஏறியபோது மின்னியது. அத்தான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், மழைக்கு நடுவே சுள்ளென்று ஒரு வெயில். அத்தான் ஓடி வந்தார்.

“அண்ணே, டாஷ்போர்டு பப்படமாப் பொங்கிருச்சு!”

பொங்கித்தான் இருந்தது. பசைக்கும் பட்டைக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் சூடேறி, குமிழ் குமிழாக எழும்பி நின்றது. காலர் அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“கை ஒண்ணும் பண்ணலடா. என் வாய்தான். அது பழக்கத்துல தூவிருச்சு.”

மிச்சமிருந்த ஸ்டிக்கர் அந்த ஒரு பட்டைக்கு மட்டும்தான் காணும். பழையதை உரித்து, பட்டையை ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்தினார். ஹேர் டிரையரை எடுத்தார். மழை கொட்டியது. கரண்ட் போனது.

“முடிஞ்சுது” என்று அத்தான் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிடா! என் கரிப்பெட்டிக்கு எந்த ஆபீஸ்லேருந்து கரண்ட் வரணும்?”

மேசைக்கடியிலிருந்து பித்தளை இஸ்திரிப் பெட்டி வெளியே வந்தது. சிரட்டைக் கரி கனன்றது. திடீரென்று அவர் நின்றார். கண் தண்ணீர்ச் சொம்பின்மேல் போயிருந்தது.

“கையை நான் பாத்துக்கறேன் செல்வி. வாயை யாரு பாத்துக்கறது?”

நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்த அண்ணி மாவுக் கையோடு வந்தார். ஆறிய ஒரு பழம்பொரியை நீளவாக்கில் அவர் பல்லுக்கு நடுவே செருகினார். “கடிக்கக் கூடாது. துப்பவும் கூடாது. நான் எடுக்கற வரைக்கும் அது அங்கதான் இருக்கணும்.”

“அய்யோ, பூனை மீனைக் கவ்வின மாதிரி!” என்றார் சாயாக்கடைச் சேட்டன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கனல் நிறைந்த பெட்டி, ஸ்டிக்கரைத் தொடாமல், ஒரு விரல் உயரத்தில் மிதந்து போனது. அதன் நிழல் பட்ட இடமெல்லாம் கறுப்பு இளகியது. அவர் இழுத்தார். நெசவு ஒரு நூல்கூடச் சாயாமல் பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. கட்டைவிரல் ஓரங்களைப் பின்னால் மடித்துக்கொண்டே போனது. கடைசி மடிப்பு விழுந்ததும் நிமிர்ந்தார். “ம்ம்!” மழைக்கு மேலே தெரு கத்தியது.

அவரையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு தீவுக்குப் பறந்தோம். மானேஜர் குனிந்து பார்த்தார், ஓரத்தில் நகத்தை வைத்துக் கிளப்பப் பார்த்தார். கிளம்பவில்லை.

“இது ஆரா செய்தது?”

காலர் அண்ணன் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். “ம்ம்.”

“வாயில எந்தா?”

அத்தான் விறைப்பாக நின்று சொன்னார்: “டூல் ஆணு சார்.”

மானேஜர் நெடுநேரம் அந்த டூலைப் பார்த்தார். பிறகு, கார் நிற்கலாம் என்று தலையசைத்தார்.

தெருவுக்குள் ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பினோம். சாயாக்கடை பெஞ்சு மேல் ஏறி நின்றது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணி பழம்பொரியை அவர் வாயிலிருந்து எடுத்தார். “நைஞ்சு போச்சு. சூடா வேற தரேன்.”

“இதுதான் வேணும்” என்று வாங்கி நின்றபடியே தின்றார். பிறகு கார்க் கதவைத் திறந்து, “உக்காரு. காலரைத் தொட்டுப் பாரு” என்றார். அண்ணி தொட்டார். கறுப்பு நெசவின் நட்டநடுவில் மாவு விரல் வெள்ளையாகப் பதிந்தது. சட்டையில் ஒரு தூசி இருந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதர். அத்தான் ஈரத்துணியை எடுத்தார். அவர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும்” என்றார்.

அந்த வண்டி ஓடிய காலம் முழுக்க, அத்தானின் ஈரத்துணி அந்த இடம் வந்ததும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகும். நான் துடைத்த நாட்களிலும் அப்படித்தான்.